குளிர்ந்த காற்று வருகிற வரைக்கும்

இந்தப் பக்கமாக உட்காருங்கள் டீச்சர். அந்த ஓரத்தில் கிரீஸ் ஒட்டியிருக்கிறது, சேலை பாழாகிவிடும். டீச்சர்தானே நீங்கள்? பார்த்தாலே தெரிகிறது. என் நாத்தனார் மகள் ஒருத்தி டீச்சர். அவளும் இப்படித்தான், எங்கே போனாலும் கைக்குட்டையால் பெஞ்சை ஒருதரம் தட்டிவிட்டுத்தான் உட்காருவாள்.

உங்கள் காருக்கும் ஏசிதானா? காற்றே வரவில்லையா, இல்லை சூடாக வருகிறதா? காற்றே வரவில்லை என்றால் பயப்படாதீர்கள், அது சின்ன வேலை. உள்ளே ஃபேன் மோட்டார் போயிருக்கும். காற்று வந்து, அது சூடாக வந்தால்தான் பெரிய பாடு. சிரிக்கிறீர்களே! நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் இந்தக் கோடையில் ஏசியைப் பற்றி ஒரு பரீட்சை வைத்தால் நான் பாஸாகிவிடுவேன்.

அதோ வெள்ளை பிக்கப் நிற்கிறதே, பின்பக்கம் பைபிள் வசனம் எழுதி, அதுதான் எங்கள் வண்டி. என் சின்ன மகன் ஆசீர் ஓட்டுகிறான். எங்களுக்குச் சாத்தான்குளம் தாண்டி ஒரு சின்ன ஊர், தேரிக்காட்டு ஓரம். செம்மண்ணும் முருங்கையும்தான் எங்கள் பக்கம். விடியக்காலம் தோட்டங்களில் காய் ஏற்றி இங்கே திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுவருவான். அந்த வண்டியை வாங்கும்போதே ஏசி வைத்த வண்டிதான் வேண்டும் என்று நின்றான். ஊரில் எல்லாரும் கேலி பண்ணினார்கள். எதிர்த்த வீட்டுச் செல்லையா, "ஏல ஆசீரு, முருங்கக்காய்க்கு வேர்க்குமோல?" என்று கேட்டார். இவன், "எனக்கு வேர்க்கும் மாமா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான். அப்பாவுக்காக என்று யாரிடமும் சொல்லவில்லை. அப்படிப் பிள்ளை.

எங்கள் வீட்டுக்காரருக்குக் கிட்னி இரண்டும் நின்றுபோய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை இங்கே ஆஸ்பத்திரியில் மெஷினில் படுக்க வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணித் திரும்ப உள்ளே விடுவார்கள். டயாலிசிஸ். நீங்கள் படித்தவர்கள், உங்களுக்குத் தெரியும். காய் ஏற்றின வண்டியிலேயே நாங்கள் இரண்டு பேரும் முன்னால் ஏறிக்கொள்வோம். அவரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு ஆசீர் சந்தைக்குப் போவான், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வான். பஸ்ஸிலெல்லாம் கூட்டிக்கொண்டு வர முடியாது. திரும்பிப் போகையில் துணி துவைத்துப் பிழிந்த மாதிரி இருப்பார். அப்படியே என் தோளில் சாய்ந்துகொள்வார். ஏசியில் குளுகுளுவென்று தூங்கிக்கொண்டே வீடு வந்து சேருவோம். நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது டீச்சர். கர்த்தர் நல்லாத்தான் வைத்திருந்தார்.

சித்திரை பிறந்ததும் காற்று சூடாக வர ஆரம்பித்தது.

முதலில் நான்தான் கண்டுபிடித்தேன். "ஏல, என்னல அடுப்பு ஊதுத மாதிரி வருது?" என்றேன். ஆசீர் திருகிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். அவர் என் சேலை முந்தானையை நனைத்துத் தரச் சொல்லி முகத்தில் போட்டுக்கொண்டார். அவருக்குத் தண்ணீர் குடிக்கக்கூடாது, தெரியுமா? உள்ளே போகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஒரு நாளைக்கு இத்தனை தம்ளர் என்று அளவு. வேக்காட்டில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஆனால் குடிக்கக்கூடாது. அதனால்தான் சொல்கிறேன், எங்களுக்கு ஏசி என்பது சொகுசு இல்லை.

சாத்தான்குளம் பஜாரில் சுடலை என்று ஒரு மெக்கானிக். அவரிடம்தான் முதலில் விட்டோம். கேஸ் இல்லை என்றார். முன்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுக் கேஸ் அடித்தார். ஒரு வாரம் ஐஸ் மாதிரி வந்தது. அடுத்த வாரம் மறுபடியும் அடுப்பு. திரும்பப் போனோம். அப்போதுதான் முன்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார். வண்டிக்கு முன்னால் கம்பிச் சல்லடை மாதிரி இருக்கிறது பாருங்கள், அதற்கு உள்ளே இன்னொரு சல்லடை இருக்கிறது, கண்டென்சர் என்று பெயர். அதில் காற்றுப் பட்டால்தான் கேஸ் குளிருமாம். அது பூராவும் எண்ணெய். எண்ணெய் மேல் தேரி மண் ஒட்டி, சிவப்பாகக் களி கிண்டி அப்பின மாதிரி இருந்தது. "எங்கன எண்ணெ கசியுதோ அங்கன ஓட்டை இருக்குன்னு அர்த்தம் ஆச்சி" என்று சொன்னார் சுடலை. "கேஸுகூட எண்ணெயும் சேந்துதான் ஓடும். ஓட்டை வழியா கேஸ் போயிரும், எண்ணெ இங்கன தங்கிரும்."

ஓட்டையைத் தேடினார், தேடினார், கிடைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை என்று சொல்லி, சல்லடையையே புதிதாக மாற்றிவிட்டார். நன்றாக வந்தது. பத்துப் பதினைந்து நாளில் திரும்பவும் போச்சு. கழற்றினால் புதுச் சல்லடையிலும் எண்ணெய்! அந்த மனுஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நான் இருவது வருசமா ஏசி பாக்கேன், இப்படி ஒரு வண்டியப் பாத்ததில்ல. ஓட்டையே இல்ல, ஆனா எண்ணெ வருது. யாரோ செய்வினை வச்சிருக்காவ ஆச்சி" என்றார்.

செய்வினையை நாங்கள் நம்புகிறவர்கள் இல்லை. ஆனாலும் பொல்லாத கண் உண்டுதானே? அந்தச் செல்லையா முருங்கைக்காய்க்கு வேர்க்குமா என்று கேட்டாரே, அந்த வாய் என்ன வாய்!

நான் சும்மா இருக்கவில்லை டீச்சர். வண்டி வாங்கின நாளிலிருந்தே அதற்கு ஜெபம் உண்டு. மற்றவர்கள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவார்கள் இல்லையா, எங்களுக்கு அது கிடையாது. வெள்ளிக்கிழமை ஜெப வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் கொண்டுபோவோம். எல்லாப் பாட்டிலும் மேடைக்கு முன்னால் வரிசையாக நிற்கும். பாஸ்டர் கைநீட்டி ஜெபிப்பார். முடிந்ததும் அவரவர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். நான் என் பாட்டில் மூடியில் சிவப்பு நூல் சுற்றிவைப்பேன், மாறிவிடாமல் இருக்க. அந்த எண்ணெயைக் காலையில் ஆசீர் வண்டியை எடுப்பதற்கு முன்னால் நான் எடுத்துக்கொண்டு போய் வண்டியின் முகத்தில் தடவி ஜெபம் பண்ணுவேன். வண்டிக்கு முகம் எது? அந்த முன்பக்கக் கம்பிதானே. கொஞ்சமாகத் தொட்டு வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கர்த்தருக்குக் கொடுக்கிறதில் கஞ்சத்தனம் கூடாது. கை நிறைய ஊற்றி, அந்தக் கம்பிச் சந்து வழியாக உள்ளே வரைக்கும் போகிற மாதிரித் தடவுவேன்.

சுடலை அப்படிச் சொன்ன பிறகு இன்னும் கூட்டினேன். காலையிலும் சாயங்காலமும். பாஸ்டரை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் வந்து வண்டியைச் சுற்றி நடந்து ஜெபித்து, பானட்டின் மேல் ஒரு பாட்டிலையே கவிழ்த்துவிட்டார். அன்றைக்கு என் மனசு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? மறுநாள் காற்று முன்னைவிடச் சூடாக வந்தது. சாத்தான், அந்தச் சத்துரு, விடமாட்டான் டீச்சர். நாம் ஒரு அடி போனால் அவன் இரண்டு அடி வருவான்.

ஆசீர் அப்போதெல்லாம் கேலி பண்ணுவான். அவன் கோவிலுக்கு வருகிற பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டு தூங்குவான். "யம்மா, கர்த்தருக்கு டிரைவிங் லைசென்ஸ் இருக்காம்மா?" என்று கேட்பான். "லைசென்ஸ் எடுத்த ஒங்கப்பா எங்கனல கிடக்காவ, பாத்தியா?" என்று நான் கேட்பேன். அப்புறம் இரண்டு பேருக்குமே சங்கடமாகிவிடும்.

ஆமாம், அவரும் டிரைவர்தான். சொல்ல மறந்துபோனேனே. காலமெல்லாம் லாரி ஓட்டினவர். தூத்துக்குடி உப்பு ஏற்றிக்கொண்டு நாக்பூர், ராய்ப்பூர் என்று போவார். அந்தக் காலத்து லாரியில் என்ஜின் டிரைவர் மடியில்தான் இருக்கும். வைகாசி வெயிலில், ஒரு ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போவாராம். கிளீனர்ப் பையன்கள் வந்து சொல்லுவார்கள், "அண்ணாச்சிக்கு வேர்க்கவே வேர்க்காது அக்கா" என்று. அப்பேர்ப்பட்டவரே வேக்காடு தாங்கவில்லை என்று சொன்னால், அது என்ன சூடாக இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்!

அவர் அப்படித்தான் சொன்னார். ஒரு நாள் காலையில் நான் சட்டை போட்டுவிடப் போனேன். கையைத் தூக்கவில்லை. "ஏ புஷ்பம், வேக்காடு தாங்க முடியல. ஏசி சரியாவட்டும், அடுத்த மொற போவோம்" என்றார்.

"ஒரு மொற விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காவளே."

"ஏசி சரியாவட்டும்ட்டி."

அவர் கையில் ஊசி குத்துகிற இடம் கயிறு முறுக்கின மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தடவிக்கொண்டே சொன்னார். அதிலிருந்து நான் ஏசியைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்யட்டும்? கிட்னியைச் சரிபண்ண டாக்டராலேயே முடியவில்லை. ஏசியை மனுஷன் சரிபண்ணலாம் இல்லையா?

பெங்களூரில் என் மூத்தவன் ஞானராஜ் இருக்கிறான். அவனிடம் சொன்னதும், "நான் இங்க இருந்தே ஏசி டாக்சி சொல்லி அனுப்புதேன், அப்பாவ ஏத்தி விடும்மா" என்றான். கார் வந்து வாசலில் நின்றது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எம் மகன் வண்டி கிடக்கயில நான் வாடகை வண்டியில போவேனா? ஊரு சிரிக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ரோஷக்காரர், முதலில் இருந்தே அப்படித்தான். டிரைவர் பையனுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஒருமுறை விட்டது இரண்டாச்சு. கால் வீங்கினது. படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார்ந்துகொண்டே இருந்தார். ஒரு மத்தியானம் கண் சொருகிவிட்டது. ஆசீர் நூற்றெட்டுக்குப் போன் பண்ணினான். ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மெஷினில் போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். அதிலும் ஒன்றைக் கவனித்தேன் டீச்சர். அந்த ஆம்புலன்ஸில் ஏசி நன்றாக இருந்தது. மயக்கத்தில்தான் இருந்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் சாத்தான்குளத்திலிருந்து திருநெல்வேலி வரைக்கும் ஒரு தடவைகூட வேக்காடு என்று சொல்லவில்லையே! ஏசி மட்டும் இருந்தால் வந்துவிடுவார் என்று எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது.

கண் விழித்ததும் என்ன கேட்டார் தெரியுமா? "என்னைய எதுக்குட்டி கொண்டுவந்திய?" பாவம், எந்த இடம் என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள்தான் இந்த மைதீன் பாய் கடைக்கு வந்தோம். சந்தையில் யாரோ ஆசீருக்குச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே நிற்கிறாரே, தாடி வைத்து, அவர்தான். கொஞ்சம் வெடுக்கு வெடுக்கென்று பேசுவார், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் முன்பக்கத்தைக் கழற்றினார். விரலால் அந்த எண்ணெயைத் தொட்டார். மூக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார்.

"என்ன தம்பி, தாளிக்கிறதுக்கா வண்டி வச்சிருக்கீங்க? இது தேங்காய் எண்ணெய்லா!"

ஆசீர் அவரைப் பார்த்தான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதிரிப் பார்த்தான், டீச்சர். சின்னதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் பார்ப்பான். அப்புறம் பாய் தோளில் கைபோட்டு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு பேரும் என்னமோ பேசினார்கள். பாய் கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"என்னல, என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. கம்பெனிக்காரன் ஏசி எண்ணெய்க்குப் பதிலா தேங்காய் எண்ணெய ஊத்தி வித்திருக்கான்" என்றான்.

பார்த்தீர்களா? காசு கொடுத்து வாங்குகிற வண்டியிலேயே கலப்படம் பண்ணுகிறார்கள். தேங்காய் எண்ணெய் என்ன மலிவா விற்கிறது? அதை ஏன் ஊற்றுகிறான் என்று கேட்டேன். பாய், "அதான் தெரியலைம்மா" என்று சொல்லிவிட்டுச் சோப்புத் தண்ணீர் பீய்ச்சப் போய்விட்டார். சிவப்புச் சிவப்பாகக் கழன்று ஓடியது. புதுச் சாமான் ஒன்றுமே போடவில்லை, கழுவினதோடு சரி. பூப்போல காற்று வந்தது.

அதற்கு மறுநாள் காலையில்தான் அந்த அதிசயம் நடந்தது. நான் வழக்கம்போல எண்ணெய்ப் பாட்டிலோடு வாசலுக்கு வருகிறேன். ஆசீர் வண்டிக்கு முன்னால் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"யம்மா, வண்டிக்கு வேண்டாம். எனக்குப் பூசு."

"என்னல சொல்லுத?"

"ஓட்டுறது நான்தான. எந் தலையில பூசி ஜெபம் பண்ணு. இனிமே தெனமும் எனக்குத்தான்."

குனிந்து கொடுத்தான் டீச்சர். என் உயரத்துக்கு முட்டியை மடக்கிக் குனிந்து கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை போர்த்திக்கொண்டு தூங்குகிற பிள்ளை! நான் எத்தனை வருஷமாக இவனுக்காக முழங்காலில் நின்றிருப்பேன்? எண்ணெய் காதுவரைக்கும் வழிந்தது, அவன் துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அன்றைக்கே பாஸ்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், சபையில் சாட்சி சொல்ல. அன்றிலிருந்து வண்டிக்கு ஒரு துளி எண்ணெய் வைக்கவில்லை, ஏசி நிற்கவே இல்லை. பிள்ளை மனம் திரும்பினான், வண்டியும் சுகமானது. ஜெபத்துக்குப் பதில் இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்!

சரி, அதற்கப்புறம் ஏன் இங்கே வந்திருக்கிறேன் என்றுதானே கேட்கிறீர்கள்.

போன வாரம் மெஷினுக்குப் போகிற நாள் வந்தது. நான் விடியும் முன்னாலேயே எழுந்து அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர்கூடப் போட்டுவிட்டேன். "ஏசி ஐஸா வருது, வாங்க, ஒரு சாக்கும் கிடையாது இன்னைக்கு" என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆசீர் தூக்கிக்கொண்டு போய் முன்சீட்டில் உட்காரவைத்தான். கனமே இல்லையாம். நான் பையும் போர்வையும் எடுத்துவரப் போனேன், வருவதற்குள் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுவிட்டான். நான் வெளியே நின்று பார்க்கிறேன். காற்று வருகிற ஓட்டையில் இவர் கையை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம் கண்ணாடியை இறக்கச் சொல்லி, "குளிருதுல, நிப்பாட்டு" என்றார்.

நிறுத்தினான்.

"வேக்காடா இருக்கு."

கொஞ்சமாக வைத்தான்.

"சத்தம் கேக்கு. காதுக்குள்ள எரையுது."

ஆசீர் கண்ணாடியைத் திரும்ப ஏற்றிவிட்டான். எனக்கு உள்ளே பேசுகிறது ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியில் எங்கள் வீட்டு வேப்பமரம்தான் தெரிகிறது, அதற்குப் பின்னால் இரண்டு தலை. ஆசீர் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டான். இவர் அவன் பிடரியில் கையை வைத்துப் பேசிக்கொண்டே இருந்தார். அவன் தலையை ஆட்டி ஆட்டி இல்லை இல்லை என்கிறான். இவர் விடவில்லை, பேசிக்கொண்டே இருக்கிறார். இவ்வளவு பேச்சு இவர் பேசி நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, தூக்கம், மறுபடி லாரி என்று இருந்தவர். ஏசியைப் பற்றி என்ன இவ்வளவு பேச்சு என்று நினைத்துக்கொண்டு போர்வையோடு நின்றேன். காய் வாடிக்கொண்டிருக்கிறது வேறு. கண்ணாடியைத் தட்டினேன். இரண்டு பேரும் ஒரே மாதிரித் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கும் முழியும் ஒரே அச்சு, அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆசீர் இறங்கி அந்தப் பக்கமாக வந்து, அவரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே திரும்பப் போய்விட்டான்.

"ஏல, மெஷினுக்கு நேரமாவுதுல!"

"ஏசி இன்னும் கொஞ்சம் பாக்கணும்மா" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்தான் சொன்னேனே, சத்துரு விடமாட்டான் என்று. முதலில் சூடு, இப்போது குளிர். மனுஷனுக்கு ஏற்ற மாதிரி அளவாக வருகிறது பாருங்கள், அது வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கோயம்புத்தூரில் இருந்து மகள் பியூலா வந்துவிட்டாள். மறுநாள் ஞானராஜ் குடும்பத்தோடு வந்தான். கிறிஸ்துமஸுக்குக்கூட லீவு கிடைக்கவில்லை என்று சொல்லுகிற பிள்ளைகள்! கம்பெனியில் இப்போதெல்லாம் நடுவிலும் லீவு கொடுக்கிறார்கள் போல. வீடு நிறைந்துபோனது. எல்லாரும் அவர் கட்டிலைச் சுற்றியே உட்கார்ந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அவர் காலைப் பிடித்துவிடுகிறார்கள். இவர் லாரிக் கதையெல்லாம் சொல்கிறார். மூச்சு வாங்குகிறது, ஆனாலும் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்.

ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பதநீர் வேண்டும் என்று கேட்டார். அவருக்கு அது ஆகவே ஆகாது. தண்ணீருக்கே அளவு, அதற்கு மேல் பதநீரா? இந்த ஞானராஜ் போய் பனையோலைப் பட்டையில் வாங்கிக்கொண்டு வந்து, நுங்கும் வெட்டிப் போட்டு, அவர் வாயில் பிடிக்கிறான். நான் சத்தம் போட்டேன். "படிச்சவன் செய்யிற வேலையால இது?" என்று கேட்டேன். பியூலா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். மீசையெல்லாம் நுரை. சரி, குடித்துவிட்டுப் போகட்டும், ஏசி சரியானதும் ஒரு தடவை மெஷினில் போட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்றைக்கு நானேதான் கிளம்பினேன். நேற்று முழுக்க ஒரே தூக்கம் அவருக்கு. கூப்பிட்டால்தான் கண்ணைத் திறக்கிறார். இப்படியே விட்டால் யார் பார்ப்பது? ஆசீரிடம், "வால, பாய் கடைக்குப் போவோம். நானே வெவரமாச் சொல்லுதேன். ரொம்பக் குளிரும் கூடாது, சத்தமும் கூடாது" என்றேன். பியூலா வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

"யம்மா, போவாத. அப்பா பக்கத்துல இரு."

"எல்லாரும் பக்கத்துல உக்காந்திருந்தா ஏசிய யாருட்டி பாக்கது?"

ஆசீர் அண்ணனைப் பார்த்தான். ஞானராஜ் உள்ளே போய்விட்டான். நான் கட்டில் பக்கத்தில் போய் நின்று, "ஏசி பாத்துட்டு வந்துருதேன்" என்றேன். கண்ணைத் திறந்தார். என் கையைத் தேடினார். பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. விடமாட்டார் போல என்று நினைத்தேன். அப்புறம் அவராகவே விரலை எடுத்துவிட்டார்.

"போயிட்டு வா புஷ்பம். அவசரப்படாத. நல்லாச் சரி பண்ணிட்டே வா."

அவரே சொல்லிவிட்டார் டீச்சர், சரிபண்ணிக்கொண்டே வா என்று. வரமாட்டேன் என்கிறவர் அப்படிச் சொல்லுவாரா? சொல்லுங்கள். நீங்கள் படித்தவர்கள்.

வந்து எவ்வளவு நேரமாகிறது, இன்னும் பானட்டைக்கூடத் திறக்கவில்லை பாருங்கள். பாய் ஆசீர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்கிறார். இரண்டு பேருக்கும் என்ன பேச்சு? போய்ச் சத்தம் போடலாம் என்றால் பாய் வெடுக்கென்று எதையாவது சொல்லிவிடுவார்.

நீங்கள் ஜெபம் பண்ணுகிறவர்களா? எந்தச் சாமியானாலும் சரி டீச்சர், உங்கள் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம். சூடாகவும் இல்லாமல், குளிரவும் குளிராமல், சத்தம் இல்லாமல்...

போன் அடிக்கிறது. என் பையில்தான். பியூலா படம் தெரிகிறது பாருங்கள். அவள் இந்நேரத்துக்குக் கூப்பிட மாட்டாளே.

ஆசீருக்கும் அடிக்கிறது போல. எடுத்துக் காதில் வைத்துவிட்டான். இந்தப் பக்கம் பார்க்கிறான்.

நான் பேசவில்லை. எனக்கு இந்தப் பட்டனெல்லாம் சரியாக அழுத்த வராது. நீங்கள் எடுங்கள் டீச்சர். அவள் என்ன சொன்னாலும் என்னிடம் சொல்ல வேண்டாம். அம்மா கடையில்தான் இருக்கிறாள், ஏசி இன்னும் சரியாகவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.